ஈறளவை: பகுப்பும் புறனடையும்

மாணாக்க, நாவால் உன் ஈற்றைத் துழாவுவதை நிறுத்திவிட்டுக் கேள். தன் ஈற்றைத் தானே துழாவுதல் இந்நூலின் எல்லைக்குள் வாராது.

ஒருவன் ஈற்றை நோக்கி அவன் நோய் களைவது மருத்துவம். ஊரார் ஈற்றை நோக்கி ஓர் எண் பெறுவது ஈறளவை. இரண்டும் ஒன்றே அன்றோ எனின், அன்று. மருத்துவனிடம் வருபவன் வலி இருத்தலின் வருகிறான். ஈறளப்பானிடம் வருபவன் தன் பெயர் பட்டியலில் இருத்தலின் வருகிறான். முன்னவன் வாயைத் தானே திறப்பான். பின்னவனிடம் இருமுறை சொல்லவேண்டும்.

ஈறளவைக்கு உறுப்பு மூன்று: அளக்கப்படுவது, அளக்கும் நெறி, அளப்பான். இவற்றுள் பின்னிரண்டில் யாதொன்று மாறினும் ஊரின் நோய் மாறும். ஈறு மாறாதிருப்பினும் மாறும். இதனை நெஞ்சிற் கொள்க. எஞ்சியவை இதன் விரிவு.

முதற்கூறு: அளக்கப்படுவன

ஈற்றில் அளக்கத்தக்கன நான்கு. அவை குருதி, காரை, பை, பற்றிழப்பு என்பன.

1. குருதியாவது, ஈற்று விளிம்பில் தோன்றும் செந்நீர். அது கோல் தொடுமுன் வருவது, தொட்டவுடன் வருவது, தொட்டு நெடிது கழிந்து வருவது என மூவகைப்படும். ஐனமோ, பே என்னும் இருவர் 1975இல் வகுத்த நெறிப்படி 10 நொடிக்குள் வந்ததே கணக்கிற்குரியது. பதினோராம் நொடியில் வருவது, துடைப்போனுக்குக் குருதி; ஈறளப்பானுக்கு அன்று. புகைப்போரின் ஈறு நோயுற்ற விடத்தும் குறைவாகவே குருதி காட்டும். இதனைக் கரந்த குருதி எனப் பெயரிட்டு நான்காம் வகையாகக் கொள்க. மேலே மூவகை என்றது புகையாதாரை நோக்கி.

2. காரையாவது, பல்லின்மேற் படிந்த படிவு உமிழ்நீரிலுள்ள உப்புகளால் இறுகிக் கல்லானது. ஈற்றுக்கு வெளியே இருப்பது மேற்காரை, கண்ணாற் காணப்படும். ஈற்றுக்குள் இருப்பது கீழ்க்காரை, கோலால் உணரப்படும். மேல்வாய்ப் பற்களில் மேற்காரை கீழேயும் கீழ்க்காரை மேலேயும் இருக்கும். மயங்கற்க.

3. பையாவது, பல்லுக்கும் ஈற்றுக்கும் இடையேயுள்ள பிளவு ஆழ்ந்தவிடத்துப் பெறும் பெயர். ஈற்று விளிம்பிலிருந்து அடிவரை அளப்பது பையாழம்.

4. பற்றிழப்பாவது, சிப்பிக்கரையிலிருந்து பையின் அடிவரையுள்ள அளவு. பற்சிப்பி முடிந்து வேர் தொடங்கும் கோட்டினைச் சிப்பிக்கரை என்றோம். இவ்விரண்டையும் வேறாக வைத்தது ஏன் எனின், ஈற்று விளிம்பு வீங்கும், சுருங்கும், இறங்கும். சிப்பிக்கரை நின்றவிடத்தே நிற்கும். ஈறு முழுதும் இறங்கி வேர் வெளிப்பட்ட முதியவர்க்குப் பை இல்லை, பற்றிழப்போ பெரிது. ஈறு வீங்கிய சிறுவனுக்குப் பை உண்டு, பற்றிழப்பு இல்லை. முன்னதைப் பொய்ந்நலம் என்றும் பின்னதைப் பொய்ப்பை என்றும் வழங்குவோம். பையை மட்டும் அளக்கும் நெறியினர் முதியவரை வாழ்த்தி அனுப்பிவிட்டுச் சிறுவனை நிறுத்திவைப்பர்.

இரண்டாங்கூறு: அளக்கும் நெறி

நெறி ஐந்து: கண்ணளவை, குருதியளவை, கோலளவை, சினையளவை, தொகையளவை.

5. கண்ணளவை. தொடாமல் அளப்பது. 1940களில் அமெரிக்கர் சூர், மாசுலர் ஆகியோர் ஈற்றைப் பல்லிடை முனை, விளிம்பு, ஒட்டிய பகுதி என மூன்றாகப் பிரித்து, அழன்ற இடங்களை எண்ணிக் கூட்டினர். எனினும் கண்ணளவையின் தலைமை நூல் இரசல் 1956இல் வகுத்ததே. வாய்க்கண்ணாடியும் விளக்கும் அதற்குப் போதும். ஒவ்வொரு பல்லுக்கும் ஓர் எண் இடுக: நலமாயின் 0; ஈறு அழன்றும் பல்லை முற்றும் வளைக்கவில்லை எனின் 1; முற்றும் வளைத்தது எனின் 2; பை தோன்றியும் பல் உறுதியாக நிற்பின் 6; மெல்லும் தொழிலைப் பல் இழந்ததெனின் 8. பின்னர் அனைத்தையும் கூட்டிப் பல்லின் எண்ணிக்கையால் வகுத்து நிரவல் காண்க.

2க்கும் 6க்கும் இடையிலிருந்த எண்கள் எங்கே எனின், 4 என்பது ஊடுகதிர்ப் படம் கையிலுள்ளோர்க்கென ஒதுக்கப்பட்டது. 3க்கும் 5க்கும் 7க்கும் ஈற்றில் இடமில்லை. ஈற்றழற்சிக்கும் என்பழிவுக்கும் இடையே பெரும் பள்ளம் உண்டு என்பதைக் காட்ட, எண்வரிசையிலேயே பள்ளம் தோண்டினார் அப்பெரியார். இதனினும் நேர்மையான எண்வரிசையை யான் கண்டிலேன்.

எட்டுக்குரிய பல்லின் அடையாளங்கள்: ஆடுதல், இடம்பெயர்தல், அழுத்தினால் தன் குழிக்குள் அமிழ்தல், மாழைக் கருவியால் தட்டினால் மழுங்கிய ஒலி தருதல். ஒலியைப் பற்றிச் சிறிது விரித்துரைப்போம். 'திண்' என்று ஒலிப்பது நலமுற்ற பல். 'தொப்' என்று ஒலிப்பது நலிந்த பல். 'தப்' என்று ஒலிப்பது ஐயத்துக்குரிய பல். ஐயம் வந்தவிடத்துக் குறைந்த எண்ணை இடுக என்பது இரசலின் கட்டளை.

அவ்வையம் நால்வகைப்படும்: 0–1 ஐயம், 1–2 ஐயம், 2–6 ஐயம், 6–8 ஐயம். முதலிரண்டில் இழப்பு ஓர் எண், மூன்றாவதில் நான்கு, நான்காவதில் இரண்டு. ஆதலின் மூன்றாவது பேரையம் எனப்படும். விளக்கொளி குன்றிய பள்ளித் திண்ணையில் பேரையம் பெருகும். ஐயம் பெருகின் எண் குறையும். எண் குறையின் ஊர் நலம்பெறும். வெளிச்சமில்லா ஊர்கள் நலமிக்க ஊர்கள் என ஏடுகளில் ஏறுவது இதனால் என்க.

6. குருதியளவை. இலோ, சில்நெசு ஆகிய இருவரும் 1963இல், கருவுற்ற மகளிரின் ஈற்றை ஆய்கையில் வகுத்தது. எண் நான்கு: நலம் 0, நிறம் சிறிது மாறியும் தொட்டால் குருதி வாராதது 1, சிவந்து வீங்கித் தொட்டால் குருதி வருவது 2, புண்பட்டுத் தானே குருதி சிந்துவது 3. ஒன்றுக்கும் இரண்டுக்கும் இடையே நின்று தீர்ப்பு வழங்குவது ஒரு துளி. கண்ணளவையினர்க்கு இல்லாத இந்த நடுவரைப் பெற்றமையால் இந்நெறியினர் செருக்குற்றனர், செருக்குக்கு இடமுண்டு.

1965இல் இலோவும் துணைவரும் தென்மார்க்கில் 12 பேரைப் பல் துலக்காதிருக்கச் செய்தனர். 10 முதல் 21 நாளுக்குள் அனைவர் ஈறும் அழன்றது. துலக்கத் தொடங்கியதும் தெளிந்தது. இதனால் குருதியளவை அளப்பது நோயை அன்று, கடந்த சில நாளின் துலக்கலை என்று கூறுவார் உளர். திருவிழாவுக்கு முன் சென்று அளந்த ஊரும் பின் சென்று அளந்த ஊரும் வேறுவேறு ஊர்கள் என்றே கொள்க.

7. கோலளவை. பற்றிழப்பை மி.மீ. கணக்கில் அளப்பது. இராம்பியோர் 1959இல் நெறிப்படுத்தினார். சிப்பிக்கரை ஈற்றுக்குள் மறைந்திருப்பின் இருமுறை அளந்து கழித்துப் பெறுக என்பது அவர் காட்டிய வழி. பற்றிழப்பு 3 மி.மீ. வரை எனின் 4. 3க்கு மேல் 6 வரை எனின் 5. 6க்கு மேல் எனின் 6. 0 முதல் 3 வரை ஈற்றழற்சிக்கு உரியன. இந்நெறியைத் தம் கையாலேயே பம்பாயில் 11 முதல் 17 அகவைச் சிறுவர்மேல் அவர் செலுத்திப் பார்த்ததும் உண்டு. பள்ளிச் சிறுவன் அசையாது வாய் திறந்திருக்கும் நேரத்தை அறிந்தோர், அவர் ஏன் ஆறு பற்களோடு அமைந்தார் என வினவமாட்டார்.

8. சினையளவை. அந்த ஆறு பற்களிலிருந்து பிறந்தது இது. மேல்வாயில் வலப்புற முதற் கடைவாய்ப்பல், இடப்புற நடுமுன்பல், இடப்புற முதல் முன்கடைவாய்ப்பல்; கீழ்வாயில் இவற்றுக்கு எதிர்ப்புறத்துள்ள இணைகள். இவற்றை அளந்து முழு வாயையும் அளந்ததாகக் கொள்க என்றார் இராம்பியோர். இது குற்றமன்று; இலக்கணத்தில் இடமுண்டு. 'வெற்றிலை நட்டான்' என்றால் இலையைக் குழியில் வைத்தான் என்று எவரும் கொள்ளார். இலையின் பெயர் கொடிக்கு ஆயிற்று. சினையின் பெயர் முதலுக்கு ஆவதுபோலச் சினையின் நோய் முதலுக்கு ஆயிற்று. ஆயினும் ஒரு வேறுபாடு. வெற்றிலை அக்கொடியிலேயே உள்ளது. பையோ அந்த ஆறு பற்களில் இருக்கவேண்டும் என்னும் கட்டாயம் பைக்கு இல்லை.

சினையளவையின் உட்பிரிவுகள் பல. அவற்றுள் உலகாண்டது, ஐனமோவும் பிறரும் 1982இல், உலக நலவாழ்வு நிறுவனமும் உலகப் பல்மருத்துவக் கூட்டமைப்பும் துணைநிற்க வெளியிட்ட நெறி. அதனை ஊரீறளவை என்போம். வாயை ஆறு கூறாக்கி, அகவை இருபது நிரம்பியோர்க்குப் பத்துப் பற்களையும் நிரம்பாதோர்க்கு ஆறு பற்களையும் தொடுக. கூற்றுக்கு ஓர் எண்: நலம் 0, குருதி 1, காரை 2, நான்கைந்து மி.மீ. பை 3, ஆறும் அதற்கு மேலும் 4. கண்டவற்றுள் மிகப்பெரிய எண்ணை எழுதி ஏனையவற்றை மறந்துவிடுக. அகவை பதினைந்து நிரம்பாதோர்க்குப் பை அளக்கற்க. முளைக்கும் பல்லைச் சூழ்ந்த பொய்ப்பை அவர்க்கு மிகுதி.

மறந்துவிடுக என்றது ஏன்? பையுள்ளவிடத்துக் காரை உண்டு, காரையுள்ளவிடத்துக் குருதி உண்டு என்பது அந்நூலோர் துணிபு. ஈறு இத்துணிபை அறிந்திலது. பையிருந்தும் காரையில்லா வாய்களும், காரையிருந்தும் குருதி காட்டா வாய்களும் அகப்பட்டன. பூசல் முப்பது ஆண்டு நீண்டது. 2013இல் உலக நலவாழ்வு நிறுவனம் வெளியிட்ட ஐந்தாம் பதிப்பில் குருதிக்கு ஒரு கட்டம், பைக்கு ஒரு கட்டம் எனப் பிரித்து, உள்ள பற்கள் அனைத்தையும் தொடுக என்றனர். காரையை அவ்வளவையிலிருந்தே நீக்கினர். ஒரு பதிப்பு மாற்றத்தால் உலகெங்கும் இத்தனை வாய்கள் ஒரே நாளில் காரை நீங்கப்பெற்றது மருத்துவ வரலாற்றில் வேறெங்கும் இல்லை.

சினையளவையின் விலையையும் அறிக. அமெரிக்காவின் நாடளாவிய உடல்நல ஆய்வு, 1988 முதல் 1994 வரை வாயின் நாற்கூற்றில் இரண்டை மட்டும், பல்லுக்கு ஈரிடம் என அளந்தது. ஒருவருக்கு மிகுந்தால் 28 இடங்கள். 2009 முதல் அறிவுப்பல் நீங்கலாக எல்லாப் பற்களையும், பல்லுக்கு ஆறிடம் என அளந்தது. மிகுந்தால் 168 இடங்கள். 2009–10இல் முப்பது அகவையும் அதற்கு மேலும் உடையோருள் 47.2 விழுக்காட்டினர் நோயுற்றோர் என்ற கணக்கு வெளிவந்தது. பழைய சினையளவை நோயுற்றோர் தொகையைப் பாதியளவும் அதற்கு மேலும் குறைத்துக் காட்டவல்லது என்பதும் உடன் தெளிந்தது. தேடிய இடம் பெருகின் கிடைத்தது பெருகும். இதனை இந்நூல் துழாவற் பெருக்கம் என்னும்.

9. தொகையளவை. பெற்ற எண்களைக் கொண்டு இவன் நோயன், இவன் அல்லன் என வரையறுப்பது. 2007இல் பேசு, எக்கி என்னும் இருவர் வகுத்த வரையறை இதில் தலையாயது. பல்லிடைகளில் 6 மி.மீ. பற்றிழப்பு ஈரிடத்தில், அவ்விரண்டும் ஒரே பல்லினவாகாமல் இருந்து, அவற்றோடு 5 மி.மீ. பை ஓரிடத்திலேனும் இருப்பின் கடுநோயன். 'ஒரே பல்லினவாகாமல்' என்பதை மும்முறை படிக்க. ஒரு பல்லின் இருபுறமும் அழிந்தவன் அந்த வாயிலில் நுழைய முடியாது. பல் இரண்டுடன் வரவேண்டும்.

மூன்றாங்கூறு: கோல்

10. ஊரீறளவைக் கோலின் நுனியில் 0.5 மி.மீ. உருண்டை ஒன்று உண்டு. 3.5 முதல் 5.5 வரை கறுப்புப் பட்டை. பட்டை முழுதும் வெளியே தெரிந்தால் பை இல்லை. ஒரு பகுதி மறைந்தால் எண் 3. முழுதும் மறைந்தால் எண் 4. அளப்பான் எண்ணவேண்டுவதில்லை, கறுப்பைத் தேடினால் போதும். 1936இல் வில்லியம்சு வகுத்த கோலிலோ 1, 2, 3, 5, 7, 8, 9, 10 ஆகிய கோடுகளே உள. கண் மயங்காதிருக்க 4க்கும் 6க்கும் கோடு இடவில்லை. பிற்கால வரையறைகள் பெரிதும் சார்ந்திருப்பது 4ஐயும் 6ஐயும். ஆதலின் ஒருவர் கோலை மற்றொருவர் நெறியோடு மணமுடிக்கற்க.

11. அழுத்தம். 20 கிராமுக்கு மேற்படலாகாது என்பது உலக நலவாழ்வு நிறுவனத்தின் 1997ஆம் ஆண்டுக் கையேடு. கை அதனை எவ்வாறு அறியும்? கோலின் நுனியைக் கட்டைவிரல் உகிரின் அடியில் வைத்து, அவ்விடம் வெளிறும்வரை அழுத்துக; அதுவே அளவு. இவ்வொரு கட்டளைக்காக அக்கையேட்டைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம். இதிலிருந்து உகிர் மூவகைப்படும் என்பது பெறப்படும்: எளிதில் வெளிறுவது, அரிதில் வெளிறுவது, வண்ணம் பூசியதால் வெளிறலைக் காட்டாதது. மூன்றாம் வகையினர் அளக்கும் நாளில் வண்ணம் களைக.

12. அழன்ற ஈற்றில் கோல் அடியையும் கடந்து உட்செல்லும். நலமுற்ற ஈற்றில் அடிக்கு முன்னரே நின்றுவிடும். எனவே ஆழம் என்பதில் ஒரு பங்கு பையினது, ஒரு பங்கு அழற்சியினது, ஒரு பங்கு கையினது. ஒரே கை ஒரே இடத்தை மறுமுறை அளந்தாலும் 1 மி.மீ. வேறுபடுதல் இயல்பு. துலக்கும் பழக்கமுடைய நார்வேயரிடம் பற்றிழப்பு ஆண்டுக்கு ஏறத்தாழ 0.1 மி.மீ. என இலோ கண்டார். ஆதலின் கையின் பிழையை ஈறு எட்டிப்பிடிக்கப் பத்தாண்டு ஆகும். ஈறளப்பானுக்கு வேண்டிய முதற்பண்பு நீடுவாழ்தல்.

நான்காங்கூறு: அளப்பார், எழுதுநர்

13. அளப்பார் பலர். வன்கையர் ஊரை நோயூராக்குவர். மென்கையர் அதே ஊரை மறுநாள் குணப்படுத்துவர். இரட்டையர், 4, 6 என இரட்டை எண்களிலேயே இளைப்பாறுவர். அவர் ஊரில் 5 மி.மீ. பையே பிறவாது. பசிக்கையர் நண்பகலுக்குச் சற்றுமுன் தோன்றுவர். இவரிடம் வந்தார்க்கு நாற்பது நொடியில் நலம் உறுதி. முன்னறிவர், வருபவர் வெற்றிலை மெல்லுவதைத் தொலைவிலேயே கண்டு எண்ணை முடிவுசெய்துகொண்டு, பின்னர் கோலால் அதைத் தேடுவர். இவருள் ஒருவரே இருவகையாதலும் உண்டு. காலையில் வன்கையர், மாலையில் பசிக்கையர்.

இவரையெல்லாம் ஒருவராக்கும் தொழிலுக்குக் கையொப்பல் என்று பெயர். ஒரே வாயை இருவர் தனித்தனியே அளந்து ஒப்பிடுவர். களத்திலும் ஐந்து முதல் பத்து விழுக்காட்டினரை மறுமுறை அளப்பர். 85 முதல் 95 விழுக்காடு ஒத்தால் அமைக என்பது மரபு. எஞ்சியது வழுவமைதி.

ஒத்தது எவ்வளவு என்பதைத் தற்செயலைக் கழித்துக் காணும் வழியை 1960இல் யேக்கப்பு கோவன் வகுத்தார். அவ்வெண்ணுக்குக் காப்பா என்று பெயர். நூறு பேரில் பத்துப் பேர் நோயர் என்று ஓர் அளப்பான் கண்டான். மற்றவன் எவர் வாயையும் பாராமல் நூறு பேரும் நலம் என்று எழுதினான். இருவர்க்கும் 90 விழுக்காடு ஒப்பு. காப்பாவோ 0. இதனால் பாராது எழுதினவன் அகப்படுவான். ஆயினும் இருவருமே பாராது எழுதின் ஒப்பு 100. காப்பாவைக் கணக்கிடவே இயலாது. இந்நிலைக்குப் பேரொப்பு எனப் பெயரிட்டு மேலே செல்வோம்.

14. எழுதுநர் அளப்பானின் குரல் கேட்குமளவு அருகிலும், தாம் எழுதுவது அவனுக்குத் தெரியுமாறும் அமர்தல் வேண்டும் என்பது கையேடு. இவர் இருவகையர்: கேட்டதை எழுதுவோர், எழுத விரும்பியதைக் கேட்போர். வாய்மூடி அணிந்த அளப்பான் தமிழில் எண் கூறுமிடத்து 'மூன்று' என்பது 'ஒன்று' எனச் செவிப்படும். ஊரீறளவையில் 3 என்பது பை. 1 என்பது குருதி. கோலால் கண்ட பையைச் செவியால் மூடுவது இது. கிழமைதோறும் விசிறி ஓடும் அறையிலும் ஓடாத அறையிலும் எடுத்த எண்களைப் பிரித்துவைத்து நோக்கின், விசிறிக்குக் கீழுள்ள ஊர் நலமிக்கதாதலைக் காணலாம்.

ஐந்தாங்கூறு: வாயளித்தார்

15. வாயளிப்பார் விசிப்பலகையிற் கிடப்பர். அளப்பான் தலைமாட்டில் அமர்வான். அகவை ஐந்து, பன்னிரண்டு, பதினைந்து, முப்பத்தைந்து முதல் நாற்பத்துநான்கு, அறுபத்தைந்து முதல் எழுபத்துநான்கு என்பன உலக நலவாழ்வு நிறுவனம் வேண்டும் அகவைகள். இவற்றிற்கு இடைப்பட்ட அகவையினர் ஊரில் இருத்தல் குற்றமன்று. அளக்கப்படாமை ஒன்றே அவர் குறை. எவ்வகையினரும் வாயைத் திறந்தபின் ஏதேனும் கூற முயல்வர். அதனை எழுதற்க.

16. வாயளித்தாருள் தலைமை பெற்றோர் இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டத் தமிழ்த் தொழிலாளர் 480 பேர். 1970இல் 14 முதல் 31 அகவையினராய் இருந்த ஆடவர். துலக்கும் பழக்கமோ பல்மருத்துவமோ அறியாதோர். ஆதலின் நோய் தன்போக்கில் எவ்வாறு செல்லும் என்பதைக் காண ஏற்றோர் என இலோவும் குழுவினரும் தேர்ந்தனர். ஒப்பீட்டுக்கு ஓசுலோவில் கற்றோர் 565 பேர் முன்னாண்டே எடுக்கப்பட்டிருந்தனர். தோட்டத்தாரை 1985 வரை பதினைந்து ஆண்டு விட்டுவிட்டு அளந்தனர். இறுதியில் வாயளித்தவர் 161 பேர்.

இவர்தம் வாய்களால் ஒரு பெரும் பகுப்பு பிறந்தது. கண்ணளவையாலும் குருதியளவையாலும் நோக்கின் இவர் அனைவரும் ஒரே வகை; அழலாத ஈறு ஏறத்தாழ இல்லை. கோலளவையால் நோக்கின் மூவகை. விரைந்திழப்போர் 8 விழுக்காடு, இடைப்பட இழப்போர் 81, இழவாதோர் 11. முப்பத்தைந்து அகவையில் முதல் வகையினர்க்குப் பற்றிழப்பின் நிரவல் ஏறத்தாழ 9 மி.மீ., இரண்டாம் வகையினர்க்கு 4, மூன்றாம் வகையினர்க்கு 1க்கும் குறைவு. நாற்பத்தைந்தில் முதல் வகையினர்க்குப் பல்லே எஞ்சவில்லை. ஒரே மலை, ஒரே உணவு, ஒரே துலக்காமை, வகை மூன்று. குருதி வந்த ஈறெல்லாம் பல் இழக்கும் என்று எண்ணியிருந்த நூலோர் தம் ஏடுகளைத் திருத்தினர். பலர் ஈறு அழன்றே மூப்பெய்தும்; சிலர் பல்லே விழும்; எவர் பல் விழும் என்று குருதியளவை முன்னறிவிக்காது.

உலகெங்கும் பல்மருத்துவ மாணாக்கர் உருப்போடும் 8, 81, 11 என்னும் எண்கள் தமிழ் வாயிலிருந்து எடுக்கப்பட்டவை. இதனைத் தமிழர் பெருமைகளுள் எவ்வகையிற் சேர்ப்பது என நூலோர் இன்னும் வகுத்திலர். யானும் வகுத்திலேன். அளக்கப்பட்டோர் தமக்குள் எவ்வெண்ணினர் என்பதை அறிந்திருந்தாரா என்பதும் எவ்வகையினுள்ளும் அடங்கவில்லை.

புறனடை

17. ஊரீறளவையில் ஒரு கூறு எண்பெற, அதில் பிடுங்கவேண்டாத பற்கள் இரண்டேனும் இருத்தல் வேண்டும். இல்லையேல் நீக்கற்குறி இடுக. இதிலிருந்து ஒரு நுட்பம் பிறக்கும். நோய் முற்றிப் பல் விழுமளவும் ஒருவன் ஊரின் நோய்க்கணக்கை ஏற்றிக்கொண்டே இருப்பான். விழுந்தபின் கணக்கிலிருந்து இறங்குவான். தோட்டத்து 8 விழுக்காட்டினரின் வாயில் 45 அகவைக்குப்பின் கோலுக்கு வேலையில்லை. ஓர் ஊரின் ஈற்றுநலம் உயர்ந்ததெனக் கேள்விப்படின் துலக்கினரா, பல் விழுந்ததா என இருவழியும் வினவுக. முழுதும் பல்லற்றார்க்கு ஈற்றுநோய் இன்மை ஐயத்திற்கு இடமற்றது. இரசலும் இராம்பியோரும் உலக நலவாழ்வு நிறுவனமும் ஒருங்கே ஒத்த முடிவு இஃதொன்றே. ஒப்பு இதில் முழுமை எய்தும்; காப்பாவைத்தான் கணக்கிட இயலாது.

பயிற்சி

நாற்பது அகவையர் ஒருவர். மேல்வாய் இடப்புறத்தில் இரண்டாம் முன்கடைவாய்ப் பல்லின் இருபுறமும் 6 மி.மீ. பை, பற்றிழப்பும் ஈரிடத்தும் 6 மி.மீ. அதனை அடுத்த கடைவாய்ப் பற்கள் இரண்டும் முன்னுள்ள முன்கடைவாய்ப் பல்லும் நலம். கீழ்வாய் நடுமுன்பல்லில் காரை. வேறு குறையில்லை.

(அ) இராம்பியோரின் ஆறு பற்களைக் கொண்டு இவரை அளக்க. பை எங்கே?

(ஆ) 1982ஆம் ஆண்டு ஊரீறளவையின் பத்துப் பற்களைக் கொண்டு அளக்க. மிகப்பெரிய எண் 2 என வருதலைக் காட்டுக.

(இ) 2013ஆம் ஆண்டு நெறியால் அளந்து, இடைப்பட்ட முப்பது ஆண்டில் இவர் ஈற்றுக்கு நேர்ந்தது யாது எனக் கூறுக. ஒன்றும் நேரவில்லை என்னும் விடைக்குப் பாதி எண்ணே வழங்கப்படும்.

(ஈ) 2007ஆம் ஆண்டு வரையறையில் இவர் ஏன் கடுநோயராக முடியவில்லை? மற்றொரு பல்லை நலியச்செய்து விடை தருக.

(உ) எழுந்து போகையில் இவர், தமக்கு நோய் உண்டா என வினவினார். படிவத்தில் இதற்குக் கட்டம் இல்லை. இவ்வினாவை விடுத்து அடுத்தவரை அழைக்க.